கட்டிக்கப்போகிறவள் என்னைத் தாயே என்கிறாள்

கொரட்டூர்,
ஆடி மாதக் கடைசி வாரம், 1994.

மஸ்கட் வெயிலையும் அரபி முதலாளியையும் ஒருசேரத் தாங்கிக்கொண்டிருக்கும் பாசமுள்ள எத்திராஜ் மாமா அவர்களுக்கு, தங்கள் மச்சினன் கங்காதரன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே அம்மா சுகம், கறவை மாடு சுகம், நீங்கள் போன தடவை கொண்டுவந்த டூ-இன்-ஒன் ரேடியோவில் இடது ஸ்பீக்கர் மட்டும் சுகம். அங்கே தாங்களும் என் அக்கா பேபியும் ஒரு குறையுமில்லாமல் இருக்க அம்மன் அருள் புரியட்டும். அம்மன் என்று எழுதவே இப்போது யோசனையாக இருக்கிறது, காரணம் கீழே வருகிறது. தயவுசெய்து இந்தக் கடிதத்தை அக்காவிடம் முதலில் கொடுக்கவேண்டாம். அவள் படித்தால் சிரித்துக்கொண்டே இருப்பாள், உங்களுக்கு விஷயம் வந்து சேராது.

நீங்கள் கம்பெனி ஆள் மூலம் கொடுத்தனுப்பிய பார்சல் கிடைத்தது. தைலமும் சோப்பும் அம்மா எடுத்துக்கொண்டாள். புது ராக் கேசட்டுகளை நான் நெஞ்சோடு அணைத்து வாங்கிக்கொண்டேன். கொரட்டூரிலிருந்து பட்டரவாக்கம் வரைக்கும் ராக் கேட்கிற ஒரே ஆத்மா நான்தான் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பொறுப்போடு சொல்கிறேன், உலகம் கெட்டுப்போய்விட்டது மாமா. நான் சாமி மாதிரி கும்பிட்ட கோஷ்டி, புது ஆல்பம் எப்போது வரும் என்று வருஷக்கணக்கில் காத்திருந்தேனே, அவர்கள் எல்லோரும் முடி வெட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து மரக் கிடாரை வருடிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஜனங்கள் ஸ்கூல் ஆண்டுவிழாவில் கலெக்டருக்குத் தட்டுகிற மாதிரி மரியாதையாகக் கைதட்டுகிறார்கள். காத்திருந்தவனுக்குக் கிடைத்தது தாலாட்டு. அடுத்த கேசட்டில் கிழிந்த சட்டைக் கோஷ்டி ஒன்று. அமெரிக்காவில் வீடு, கார், பிரிட்ஜ் எல்லாம் வைத்துக்கொண்டு எதற்கு இந்த ஒப்பாரி? அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாடா, யாரு ஊட்ல இழவு?" என்று நிஜமாகவே கேட்டாள். இன்னொன்றில் டிரம்ஸை மனுஷன் அடிக்கவில்லை, கம்ப்யூட்டர் அடிக்கிறதாம். வேர்க்காதவன் அடிக்கிற டிரம்ஸை நான் ஏன் கேட்க வேண்டும்? ஆனால் கறுப்பு அட்டை போட்ட அந்தக் கடைசிக் கேசட் இருக்கிறதே, அதுதான் மாமா ராக். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி பவர் பிரஸ் ஓடுகிற வேகத்தில் டிரம்ஸ், அதற்கு மேல் கிடார், அதற்கும் மேலே ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துகிறான். கேட்ட உடனே கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தக் கேசட்டால்தான் என் வாழ்க்கை இந்தக் கதிக்கு வந்தது.

அதற்கு முன்னால், நீங்கள் அனுப்பிய டி.வி. கேம் பற்றி இரண்டு வார்த்தை. கோபித்துக்கொள்ளாதீர்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு குட்டி பிளேன் போகிறது, எதிரே வருவதையெல்லாம் சுடுகிறது, எதன்மேலாவது மோதிச் சாகிறது, மறுபடி முதலிலிருந்து கிளம்புகிறது. எங்கே போகிறோம் என்று அந்தப் பைலட்டாவது கேட்டானா? பின்னால் ஐஸ்காரன் மணி மாதிரி ஒரே ராகம், அதில் கிடாரும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அந்த பிளேனுக்கு மூன்று உயிர் என்று நான் அம்மாவுக்கு விளக்கினேன். "கீற ஒரு உசுர வச்சிகினே நீ என் உசுர வாங்கற, மூணு குடுத்தா ஊடு தாங்குமா?" என்று கேட்டுவிட்டு அவள் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள். பெட்டியை டி.வி.க்குக் கீழே தள்ளிவைத்தேன். கேம் என்பது வேலைவெட்டி இல்லாதவர்களுக்கு என்பது என் கருத்து, அல்லது அப்போதைய கருத்து.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் பம்பைக்காரர் வேலுசாமியை உங்களுக்குத் தெரியும். கோயில் திருவிழாவில் பம்பை அடித்து சாமியை அழைக்கிறவரும் அவர்தான், தை மாசத்தில் குடையோடு வீடு வீடாகப் போய்ச் சம்பந்தம் பேசுகிறவரும் அவர்தான். அவர் எனக்காகக் கரையான்சாவடியில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார். பெண்ணின் அப்பா துலுக்கானம், பூந்தமல்லி பக்கம் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். பெண் சொர்ணம், நம் அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கிறாள். ஆனால் ஆடி மாசத்தில் சம்பந்தம் பேசக்கூடாதே! வேலுசாமி அதற்கும் வழி கண்டுபிடித்தார். "சம்பந்தம்தான்யா பேசக்கூடாது, கூழு குடிக்கக்கூடாதுன்னு எவன் சொன்னான்? நம்ம தெரு கோயில்ல கூழு ஊத்தற அன்னிக்கு குடும்பத்தோட வாங்க. குடிச்சிட்டு அப்டியே ஊட்டையும் பார்த்துகினு பூடலாம்" என்று அவர்களை வரவழைத்துவிட்டார். இது எனக்குச் சொல்லப்படவில்லை. சொன்னால் மண்டை ஓட்டுப் படம் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு நிற்பேன் என்று அம்மாவுக்குப் பயம்.

ஆடி முதல் ஞாயிறு, கூழ் ஊற்றிய அன்றைக்கு அம்மா என்னைத் தலைக்குக் குளிக்கவைத்து, மஞ்சள் வேட்டி கட்டி, தோளில் துண்டைப் போர்த்தி, கரகம் நம் வாசலுக்கு வரும்போது குடத்துத் தண்ணி ஊற்ற நீ ரெடியாக இரு என்று நடு வீட்டில் உட்காரவைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டாள். கரகம் வருவதற்கு ரொம்ப நேரமாகும். சும்மா உட்காருவானேன் என்று வாக்மேனை இடுப்பில் சொருகிக்கொண்டேன். சின்ன சைஸ் இயர்போன், ஈர முடியை அவிழ்த்து விட்டால் வெளியே தெரியவே தெரியாது, ஒயர் துண்டுக்கு அடியில் போய்விடும். கறுப்பு அட்டைக் கேசட்டைப் போட்டேன். மாமா, ராக்கை முறையாகக் கேட்பது என்றால் முடியை விரித்துப் போட்டுத் தலையை மேலும் கீழும் ஆட்டி ஆட்டிக் கேட்கவேண்டும். கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். முட்டி போட்டுத் தரையில் இரண்டு கையாலும் டிரம்ஸ் அடித்தேன். பல்லவி வந்தபோது, எல்லாம் எரியட்டும் என்று அர்த்தம் வரும் அந்த இங்கிலீஷ் வரியை நானும் சேர்ந்து அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். ஒரு பக்கம் பாட்டு முழுக்க முடிந்து கேசட் நின்றதும் கண்ணைத் திறந்தேன்.

வீடு நிறைய ஜனம். எல்லோரும் கைகூப்பி நிற்கிறார்கள். மூக்குக்கு நேரே கற்பூரத் தட்டு, வாயில் ஒரு எலுமிச்சம்பழம், அதை யார் எப்போது சொருகினார்கள் என்றே தெரியவில்லை. வேலுசாமி என் காதோரமாகப் பம்பை அடித்து அடித்து வேர்த்துக் கொட்டுகிறார். முன்னே பின்னே பார்த்திராத ஒரு பெரியவர் குப்புற விழுந்து என் காலைப் பிடித்திருக்கிறார். அம்மா தாரை தாரையாக அழுகிறாள், ஆனந்தக் கண்ணீராம். அப்புறம்தான் நடந்தது என்ன என்று கோர்வையாகத் தெரிந்தது. கூழ் குடித்துவிட்டு வீடு பார்க்க உள்ளே வந்தவர்கள் நான் ஆடுவதைப் பார்த்து ஆத்தா இறங்கிவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். "ஆத்தா இன்னா இங்கிலீஷ்ல பேசறா?" என்று துலுக்கானம் கேட்டிருக்கிறார். "ஏன், ஆவடியில மிலிட்டரிக்காரன் கீறான், அவனுக்கும் அவதானே காவலு? எல்லா பாஷையும் தெரியும். இப்ப தீச்சட்டி கேக்கறா" என்று வேலுசாமி சொல்லியிருக்கிறார். என்ன கொடுமை என்றால், மொழிபெயர்ப்பு ஏறக்குறைய சரி. அதோடு விட்டிருக்கலாம். தரகர் புத்தி விடுமா? "தாயே, இந்தப் பொண்ணு சொர்ணம் இந்த ஊட்டுக்கு வெளக்கேத்த வரலாமா, சொல்லு தாயே!" என்று கேட்டிருக்கிறார். நானோ தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கிறேன். ஆமாம் ஆமாம் ஆமாம் என்று ஆத்தா மூச்சுவிடாமல் உத்தரவு கொடுத்துவிட்டாள்.

அன்றைக்கே, இது பாட்டுங்க, இதோ பாருங்க ஒயர் என்று நான் சொல்லியிருக்கலாம். வாயில் எலுமிச்சம்பழம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜத்தைச் சொன்னால், அந்தக் கூட்டத்தின் ஓரமாக ஒரு பெண் கண் கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவளைப் பார்த்ததும் எனக்கு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். மறுநாள் துலுக்கானம் தன் வீட்டுக் கிழக்கு மூலையில் தண்ணிக்கு போர்வெல் போடலாமா என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். அம்மா கெஞ்சியதால் தெருக்கதவைச் சாத்திக்கொண்டு அவர் முன்னால் ஒரு பாட்டுக்கு ஆடினேன். ஆத்தா ஆமாம் என்றாள். ராக்கில் வேறு எப்படி ஆடுவது? இல்லை என்று தலையாட்டுகிற ராக் இன்னும் வெளியாகவில்லை. போர் போட்டார்கள். கரையான்சாவடியில் ஊரே லாரித் தண்ணிக்குக் குடத்தோடு ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் வீட்டில் மட்டும் தண்ணி பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. தண்ணி வராமல் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாயந்திரம் நம் வீட்டில் அருள்வாக்கு. கரையான்சாவடியிலிருந்து துலுக்கானம் குடும்பத்தோடு வந்துவிடுகிறார். கூட்டத்தை நிர்வாகம் செய்வதும் அவர்தான். "உள்ள போ, உள்ள போ, வாசப்படியில நிக்காத, ஆளுக்கு ஒரே கேள்வி, கேட்டியா எறங்கிகினே இரு, ரைட்!" என்று அவர் போடுகிற சத்தத்தில் என் இயர்போன் தோற்றுப்போகிறது. கேசட் இல்லாமல் எனக்கு ஆட வராது, கேசட் போட்டால் கேள்வி காதில் விழாது, எது கேட்டாலும் பதில் ஆமாம்தான். ஜனங்களுக்கு இந்த மாதிரி ஒரு ஆத்தா வேறெங்கும் கிடைக்கவில்லையாம், திருவேற்காட்டிலிருந்தெல்லாம் ஆட்டோ பிடித்து வருகிறார்கள். எதிர்வீட்டு லோகநாதன் இந்த வயசில் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டு, உத்தரவு வாங்கிக்கொண்டு போய், நேராகக் கொரட்டூர் ஏரியில் விட்டார். கரையேறி வந்தவர், "ஆத்தாதான் என்னைக் காப்பாத்துனா" என்று எனக்கே மாலை போட்டுவிட்டுப் போகிறார். கம்பெனியில் சூப்பர்வைசர் என் லேத்துக்கு எலுமிச்சம்பழம் குத்தி வைத்திருக்கிறார். காப்பு கட்டியதால் ஞாயிற்றுக்கிழமை கறி நின்றுபோனது. முடியை வெட்டு வெட்டு என்று கத்தரிக்கோலோடு துரத்திய அம்மா, இப்போது தானே எண்ணெய் வைத்துச் சிக்கெடுக்கிறாள், "சடை விழுந்தா நல்லதுடா" என்கிறாள். இந்த ஒரு லாபத்தைத் தவிர எல்லாம் நஷ்டம். ராக் கேட்பது எனக்கு இப்போது ஓவர்டைம் மாதிரி ஆகிவிட்டது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். சொர்ணம் விஷயத்தைத்தான் பொறுக்கமுடியவில்லை. அவள் வெள்ளிக்கிழமை வந்ததும், கூட்டம் சேருகிறவரைக்கும், டி.வி.க்குக் கீழே இருந்த உங்கள் கேமை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். காலர் தைக்கிற கை மாமா, பட்டன்மேல் கட்டைவிரல் ஓடுவதே தெரியாது. நான் கதவிடுக்கு வழியாகப் பார்ப்பேன். பிளேன் மோதிச் செத்தால் "சீ, தூ" என்று அதைத் திட்டுவாள், திட்டிவிட்டு உடனே மறுபடி ஆரம்பிப்பாள். தோற்றதற்கு ஒரு நிமிஷம்கூடச் சோர்ந்து உட்காருவதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவள்மேல் உயிர். வேலைவெட்டி இல்லாதவர்களுக்குத்தான் கேம் என்று மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், பேப்பர் கிழிந்துவிடும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அவள் முறை வந்ததும் என்ன நடக்கிறது? துலுக்கானம் அவளைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்து, "வுழும்மா, ஆத்தா கால்ல வுழு" என்கிறார். அவள் விழுகிறாள். கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். "தாயே" என்கிறாள். மாமா, நான் கட்டிக்கப்போகிற பொண்ணு என்னைப் பார்த்துத் தாயே என்கிறாள்! இந்தப் பெண்ணிடம் போய் நான் எப்படி நாலு வார்த்தை சிரித்துப் பேசுவேன்? கல்யாணம் ஆனபிறகு குழம்பில் உப்பு இல்லை என்றால் தாயே மன்னிச்சிடு என்பாளா? என் பாட்டை நாராசம் என்பாளா, டூ-இன்-ஒன்னைத் தூக்கி வெளியே எறிவேன் என்று சண்டைக்கு வருவாளா? சண்டை போடாத பெண்டாட்டியோடு எப்படி மாமா ஒரு ஆயுசைத் தள்ளுவது? ஆத்தா சொன்னாள் என்று ஒருத்தி எனக்குக் கழுத்தை நீட்டவேண்டாம். கங்காதரன் என்கிற லேத் ஆபரேட்டரை, இந்தக் காட்டுக்கத்தல் பாட்டோடு சேர்த்துப் பிடித்தால் வரட்டும். பிடிக்காவிட்டால் போகட்டும், அழுதுவிட்டுப் போகிறேன்.

ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் நிச்சயதார்த்தம் என்று துலுக்கானம் சொல்லிவிட்டார். அதற்கு முன்னால் உண்மை அவருக்குத் தெரிந்தாகவேண்டும். நான் சொன்னால் ஆத்தா சோதிக்கிறாள் என்பார். அம்மாவிடம் சொன்னேன், என் வாயில் விபூதியைப் போட்டு மூடிவிட்டாள். வேலுசாமியிடம் ஒயரையே காட்டினேன், "அந்தக் காலத்துல உடுக்கை, இந்தக் காலத்துல ஒயரு, எதுல வந்தா இன்னா நைனா" என்கிறார். ஆகவே மாமா, நீங்கள்தான் கதி. மஸ்கட்டிலிருந்து வருகிற கடிதத்துக்கு இந்த ஊரில் கோர்ட் ஆர்டர் மாதிரி மரியாதை. துலுக்கானத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வந்தது ஆத்தா இல்லை, ஏழு கடல் தாண்டி வந்த ராக் கோஷ்டி, கேசட்டை அனுப்பியவனே நான்தான் என்று விளக்கமாக எழுதி, பையன் மற்றபடி நல்லவன், குடி கிடையாது, காது மட்டும் கொஞ்சம் மந்தம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். சம்பந்தம் முறிந்தாலும் முறியட்டும். எழுதாமல் விட்டால் நான் ஆயுசுக்கும் என் பெண்டாட்டிக்குத் தாயாராக இருக்கவேண்டியதுதான்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். தங்கள் முதலாளிக்கு நல்ல புத்தியும் தங்களுக்கு லீவும் கிடைக்கட்டும். பெரியவர்களான உங்கள் இருவருடைய ஆசீர்வாதத்தையும் இங்கிருந்தே தலைகுனிந்து வாங்கிக்கொள்கிறேன். தலையைக் குனிந்தவன் நிமிரமாட்டேன், நிமிர்ந்தால் யாராவது ஆமாம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் மச்சினன்,
கங்காதரன்.

பி.கு: மாமா, நில்லுங்கள். துலுக்கானத்துக்கு ஒரு வரிகூட எழுதவேண்டாம். எழுதியிருந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை முடிந்ததும் தபாலில் போடலாம் என்று இந்தக் கடிதத்தை ஒட்டி வைத்திருந்தேன், இப்போது பிரித்து எழுதுகிறேன். இன்று சாயந்திரம் சொர்ணம் கற்பூரத்தட்டோடு வந்து காலில் விழுந்தாள். எனக்கு ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கவில்லை. எழுந்திருக்கும்போது உதட்டைக்கூட அசைக்காமல், "ஒயரு வெளிய தெரியுது. முடிய இழுத்து வுட்டுக்கோ" என்றாள். எனக்கு ஆட்டம் நின்றுவிட்டது, வாக்மேனையும் நிறுத்தினேன். அவள் வாசல் பக்கம் திரும்பி, "நைனா, ஆத்தா என்கூட தனியா பேசணும்ங்கறா, கதவ சாத்து" என்றாள். "ரைட்" என்று துலுக்கானம் சாத்தினார். எப்போதிருந்து தெரியும் என்றேன். "கூழு ஊத்தின அன்னிக்கே தெரியும். இடுப்புல செவப்பா லைட்டு எரிஞ்சுது. ஆத்தா வந்தா பேட்டரி லைட்டா எரியும்?" என்றாள். பின்னே ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "சொல்லிட்டு? எங்கம்மா கூடப் பொறந்தவரு வீராசாமி மாமன் கீறாரு, மொத தாரம் செத்துப் பூட்டுச்சு. தாய்மாமன் முறை, அக்கா பொண்ணு எனக்குத்தான்னு பொங்கலுக்குப் பொங்கல் புடவையோட வந்து குந்திக்கிறாரு. நைனாவால மாட்டேன்னு சொல்ல முடியல. ஆத்தாளே வேற எடம் சொல்லிட்டான்னதும்தான் வாய மூடிகினு கீறாரு. அத நீ தொறந்து வுடப் போறியா?" என்றாள். அப்படியானால் மாமனுக்குப் பயந்துதானா, என்னைப் பிடித்து இல்லையா என்று கேட்டேன் மாமா. "கேமு எங்க தெருவுலயே வாடகைக்குக் குடுக்கறாங்க. அதுக்குப் போயி கொரட்டூர் வரைக்கும் வாரா வாரம் வருவாங்களா?" என்றாள். சொல்லிவிட்டு என் ஒரு காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டு, கறுப்பு அட்டைக் கேசட்டை ஓடவிட்டு ஒரு நிமிஷம் கேட்டாள். முகத்தைச் சுளித்தாள். "அந்த பிளேன் கேமுல வர்ற மியூசிக்கே தேவல" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! கிடார் என்றால் என்ன தெரியுமா, டிரம்ஸ் என்றால் என்ன தெரியுமா என்று நான் கத்த, அவள் பதிலுக்குக் கத்த, வெளியே ஜனமெல்லாம் ஆத்தா உக்கிரமாகிவிட்டாள் என்று குலவை போட, வேலுசாமி பம்பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவர, அவள் ஒரு அடிகூட விட்டுக்கொடுக்கவில்லை. கதவைத் திறக்கும் முன்னால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நேராக என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்: "யோவ், இந்த இரைச்சலுக்கா இந்த ஆட்டம் ஆடுற?"

யோவ் என்றாள், மாமா.